பாபநாசம் கிளை தாமிரபரணிக் கரையில் முளைத்தது

மாமா மயிலாடுதுறையில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்பவர். டெல்டா முழுக்கக் கிளை பரப்பிவரும் ஒரு காப்பிக் கடை நிறுவனத்தால் இரண்டு வருடமாக அவருக்குத் தூக்கம் போயிற்று. "அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே இல்லை என்று ஒரு படம் போட்டுக் கொடு மாப்பிள்ளை. இல்லாத இடமாகப் பார்த்து நான் ஒரு கடை வைக்கிறேன்" என்றார். நான்கு நாள் வேலை என்று ஒப்புக்கொண்டேன். ஏழு வாரம் ஆகிவிட்டது. பட்ட பாடு மனத்தில் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பஸ் செலவாவது மிஞ்சட்டும்.

பட்டியல் சிரமமில்லாமல் கிடைத்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் 41 முகவரிகள் இருந்தன. சிலவற்றுக்கு அட்சரேகை, தீர்க்கரேகையும் கொடுத்திருந்தார்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவி மாவட்ட எல்லைகளைப் போட ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது.

புள்ளிகளை ஏற்றியதும் டெல்டா வெறுமையாக இருந்தது. அரைமணி நேரம் தேடிய பிறகு படத்தைச் சுருக்கிப் பார்த்தால், கும்பகோணத்துக் கடைகள் எல்லாம் வடதுருவத்தின் பக்கம் ஸ்வால்பார்டு தீவுகளில் கிடந்தன. கும்பகோணம் வடக்கே 10.96, கிழக்கே 79.38. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். நம் ஊர்களுக்கு முதலில் வரவேண்டிய அட்சரேகை பத்து, பதினொன்று. அடுத்து வரும் தீர்க்கரேகை எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மென்பொருளில் எக்ஸ் என்று கேட்கும் இடத்தில் தீர்க்கரேகைதான் போகவேண்டும். நான் சறுக்கியது அங்கேதான்.

அதைத் திருத்தியவுடன் அடுத்த இடி. அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்காத முகவரிகளை, முகவரியைப் புள்ளியாக்கும் ஒரு சேவையிடம் ஒப்படைத்திருந்தேன். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் கிளையை அது திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசத்தில், தாமிரபரணிக் கரையில் நட்டுவைத்திருந்தது. சந்தேகம் வந்து மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் குத்தாலம் தென்காசிப் பக்கத்துக் குற்றாலமாகியிருந்தது. பட்டு நெசவுக்குப் பேர்போன திருபுவனம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனமாகியிருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது இந்த ஊர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஊர்ப்பெயரோடு மாவட்டத்தையும் பின்கோடையும் சேர்த்துக் கொடுக்காமல் எதையும் நம்பாதீர்கள். பின்கோடு 614 என்று தொடங்கினால் நம் பாபநாசம், 627 என்றால் அந்தப் பாபநாசம்.

பின்கோடு மட்டும் இருந்தாலும் போதாது. கடைத்தெரு பெயர் தெரியாவிட்டால் அந்தச் சேவை பின்கோடு பகுதியின் நடுவில் புள்ளி வைத்துவிடுகிறது. எனக்கு ஒரு கிளை வயலுக்கு நடுவே நின்றது. மூன்று கிளைகள் ஒரே புள்ளியில் அடுக்கியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பட்டியலில் வராத புதுக்கிளைகளைப் பிடிக்கலாம் என்று இணைய வரைபடத்தில் பெயரைக் கொடுத்துத் தேடினேன். கும்பகோணம், டிகிரி, காப்பி என்ற மூன்று சொற்களும் சேர்ந்த பெயர்ப்பலகை எந்த நெடுஞ்சாலையில் இல்லை? பித்தளை டபராவும் அதே, பலகையின் நிறமும் ஏறக்குறைய அதே. எது யாருடையது என்று படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியவில்லை. தஞ்சாவூர் சாலையில் ஒரு கடையில் டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்த மாஸ்டரிடம் நேராகவே கேட்டேன். "பெயர் ஒன்று போலத்தான் இருக்கும் தம்பி, முதலாளி வேறு" என்று சொல்லி பில்லை நீட்டினார். அந்தப் பில்தான் வழி காட்டியது. அதில் இருக்கும் ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் முதலாளியின் பான் எண். அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் ஒரே நிறுவனம். உரிமம் வாங்கி நடத்துகிற கடைகளில் எண் வேறாக இருக்கும். அங்கே பேச்சுக் கொடுத்துத் தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டேன். இப்படிச் சேர்த்த பில்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. எண் இல்லாத துண்டுச்சீட்டு கொடுத்த கடைகள் இன்னும் கேள்விக்குறியோடுதான் நிற்கின்றன.

மன்னார்குடிக் கிளையைப் பார்க்கப் போனது முழுக்க வீண். வெயிலில் பஸ் ஏறிப் போய் இறங்கினால், அந்த முகவரியில் செல்போன் உறை விற்கும் கடை. "காப்பிக் கடையா? பொங்கலுக்கு முன்பே காலி செய்துவிட்டார்களே" என்றார் கடைக்காரப் பெண். இணையதளத்தில் அது இன்னும் திறந்தே இருக்கிறது. போவதற்கு முன் ஒரு போன் செய்திருக்க வேண்டும். அதன் பிறகு 41 முகவரிகளுக்கும் போன் செய்தேன். ஐந்தில் போனை எடுக்கவே இல்லை, இரண்டு மூடியாகிவிட்டது.

வார்டு எல்லைப் படம் கேட்டு ஒரு நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். எழுத்தரின் தலைக்கு மேலே, பீரோவின்மீது, சுருட்டி ரப்பர் போட்ட படம் கண்ணுக்குத் தெரிகிறது. "அது பழையது, புதியது வரவில்லை" என்றார். பழையதையே கொடுங்கள் என்றால், "பழையதைக் கொடுக்க முடியாது" என்கிறார். கடைசியில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். சட்டப்படி 30 நாள். இருபத்தாறாவது நாளில் தபாலில் வந்தது. அதே பழைய படத்தின் நகல்தான், ஆனால் கையில் பிடித்தபோது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. முதல் நாளே மனுப் போட்டிருந்தால் மூன்று பயணம் மிச்சமாகியிருக்கும்.

மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை விட்டால் வேறு கதியில்லை. அதில் மயிலாடுதுறை நாகப்பட்டினம் மாவட்டத்துக்குள் இருக்கிறது. தனி மாவட்டமானது 2020-ல். மாவட்டத் தொகையை அப்படியே எடுத்தால் கணக்கு கந்தல்தான். தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டம் போடப் போய், மதுரையும் செங்கல்பட்டும் வட்டத்துக்குள் வந்துவிட்டன. படம் டிகிரி அளவில் இருந்ததால் 2 என்றது இரண்டு டிகிரியாகி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டது. முதலில் படத்தை, டிகிரிக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றிவிட்டு மீட்டரில் கொடுக்க வேண்டும். ஊருக்கு வெளியே போகிறபோது அந்த வட்டமும் உதவாது. கும்பகோணத்தைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டர் போட்டால் கொள்ளிடத்தின் வடகரையில் அரியலூர் மாவட்டத்து ஊர்கள் உள்ளே வருகின்றன. அவர்கள் ஆற்றைத் தாண்ட வேண்டுமென்றால் நீலத்தநல்லூர் பாலத்துக்கோ அணைக்கரைக்கோ சுற்ற வேண்டும். சாலை வழித் தூரத்தை எடுத்த பிறகுதான் படம் ஊரைப் போல இருந்தது.

மக்கள்தொகையைக் கிளை எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கும்பகோணம் நகரத்தில் 2011-ல் 1,40,156 பேர். ஆனால் அந்தக் கடைகளில் டம்ளரைக் கையில் பிடித்து நிற்பவர்களில் பாதிப் பேர் நவக்கிரகக் கோயில்களுக்கு வேனில் வந்தவர்கள். பஸ் நிலையம், ரயில் நிலையம், வேன் நிற்குமிடம் என்று மூன்றையும் படத்தின்மேல் தனித்தனி அடுக்காக (லேயராக) போட்டவுடன் கிளைகளின் ஒழுங்கு பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு கிளையும் இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. குடியிருப்புத் தெருக்களுக்குள் ஒன்றுகூட இல்லை.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரும் சாலையில் ஆடுதுறையைச் சுற்றி மட்டும் வெறுமை. ரயில் நிலையம் இருக்கிறது, நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிளை இல்லை. மாமா அந்தத் தாளைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி, ஆடுதுறையைப் பென்சிலால் சுழித்துவைத்திருக்கிறார். வரும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் போகிறோம். விடியற்காலையில் அங்கே பால் எத்தனை மணிக்கு வருகிறது என்று அவர் பார்க்க வேண்டுமாம்.