ஒரே ஆளுக்கு நூறு ரேஷன் கார்டு

லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிற மேட்ரிக்ஸை ஒரு லிஸ்ட்டில் சேர்த்து வைக்க வேண்டும். லூப் நூறு தடவை சுற்றி முடிந்தது. எரர் இல்லை. லிஸ்ட்டில் எத்தனை என்று கேட்டால் 100 என்கிறது. திறந்து பார்த்தால் நூறும் அச்சு அசல் ஒரே மேட்ரிக்ஸ்! பைத்தான் நிரல்மொழியில் நம்பை (NumPy, மேட்ரிக்ஸ் கணக்குக்கான நிரல் தொகுப்பு) வைத்து வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் ஒருநாள் இந்தக் கூத்து நடக்கும்.

2×2 மேட்ரிக்ஸ் ஒன்று, பெயர் ஏ, எல்லாக் கட்டத்திலும் 1. மூன்று சுற்று; ஒவ்வொன்றிலும் ஏ *= 2 (ஏ-வை இருந்த இடத்திலேயே இரட்டிப்பாக்கு), கையோடு லிஸ்ட்டில் அப்பெண்ட் (கடைசியில் சேர்ப்பது). லூப்புக்குள் ஏ-வை பிரின்ட் போட்டால் 2, 4, 8 என்று சமர்த்தாக வரும். வெளியே வந்து லிஸ்ட்டைப் பார்த்தால் 8, 8, 8. லிஸ்ட்டுக்குள் போனது மேட்ரிக்ஸ் இல்லை, அதன் விலாசம். கார்டு எத்தனை நீட்டினாலும் கடைக்கு வருவது அதே ஆள், கடைசியாக மாட்டிய சட்டையோடு.

ஏ = ஏ * 2 என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை; அது ஒவ்வொரு தடவையும் புது அரே (நம்பை மேட்ரிக்ஸை வைக்கிற எண் அடுக்கு) உண்டாக்கி, பழைய பெயரை அதில் ஒட்டும். நன்றாக ஓடிய நிரலை யாரோ ஒரு புண்ணியவான் ‘அழகாக’ *= என்று சுருக்கினார், போச்சு. அப்பெண்ட் செய்யும்போது ஏ.காப்பி() போட்டால் தீர்ந்தது. நம்பை இல்லாமல் லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் என்றால் காப்பி பத்தாது, உள்ளே இருக்கிற லிஸ்ட்டையும் சேர்த்துப் பிரதியெடுக்கிற டீப்காப்பி வேண்டும்.

அடுத்த ரகம், லிஸ்ட்டே வேண்டாம் என்று லூப்புக்குள் நம்பையின் என்பி.அப்பெண்ட் (np.append) போடுகிறவர்கள். அது ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்ததையெல்லாம் பிரதியெடுத்து, சட்டி பானையோடு புது வீட்டுக்குக் குடிபோகும். 1000 சுற்றுக்கு ஏறத்தாழ 5 லட்சம் மேட்ரிக்ஸ் சுமக்கிற கூலி. போதாக்குறைக்கு ஆக்ஸிஸ் (எந்தத் திசையில் சேர்ப்பது என்று) சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் தட்டி ஒரே வரிசையாக்கிவிடும். எண்ணிக்கை முன்பே தெரிந்தால் (100, 2, 2) அளவில் ஸீரோஸ் (பூஜ்யம் நிரப்பிய அரே) போட்டு, ஐ-ஆவது (i) சுற்றில் ஐ-ஆவது இடத்தில் ஏ-வை வைத்தால் போதும். அங்கே மதிப்பே பிரதியாகிவிடும், காப்பி கேட்காது.

அளவு பெரிசானால் முதலில் கணக்குப் போடவும். 1000×1000 மேட்ரிக்ஸ், ஃப்ளோட்64 (எண் ஒன்றுக்கு 8 பைட்) என்றால் ஒன்றுக்கு 8 எம்பி. ஆயிரம் சேர்ந்தால் 8 ஜிபி. 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் அதற்கு மேல் பிரவுசர் வேறு! ஃப்ளோட்32 (எண் ஒன்றுக்கு 4 பைட்) போதுமென்றால் பாதி மிச்சம்.

மேட்லேப் என்ற இன்னொரு நிரல்மொழிக்காரர்களுக்கு விலாசத் தொல்லை கிடையாது. அவர்கள் வியாதி வேறு: இவால் (எழுத்தாகக் கொடுத்ததைக் கட்டளையாக ஓட்டுவது) வைத்து எம்1, எம்2 என்று எம்100 வரை பெயர் சூட்டுவிழா. எந்த அளவு மேட்ரிக்ஸையும் கட்டம் கட்டமாக வைக்க, அடைப்பு {} போட்ட செல் அரே இருக்கிறது; எல்லாம் ஒரே அளவென்றால் 2×2×100 அரே. அதை விட்டுவிட்டு, எம்37-ஐத் திரும்ப எடுக்கவும் இன்னொரு இவால்.