கொல்லத் தெருவில் ஊசி விற்க 4,720 ரூபாய்

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் நிப்பட்டு (தட்டை போன்ற மொறுமொறுப்பான பலகாரம்) செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கப்போகிறான். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுத்தால் போட்ட பணம் திரும்புமா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டான். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் சிறிய மாந்தோப்பின் பழத்தில் ஒரு பகுதியை 2022 முதல் மூன்று பருவங்கள் இந்தத் தளங்களின் வழியே விற்றவன் என்பதால், நான் ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவேன் என்று அவன் எதிர்பார்த்தான். என்னால் சொல்ல முடியவில்லை. அன்று இரவு பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்ததில் தெரிந்தவற்றை அவனுக்காகவும், இதே கேள்வியோடு இருக்கும் மற்ற சிறு வணிகர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம், வைக்கோலில் அடுக்கிய அல்போன்சா பழங்களை நல்ல வெயிலில் படம் எடுத்து, ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, அதன் கீழே இருந்த, பணம் கட்டினால் பதிவைப் பலருக்குக் காட்டும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தினேன். 4,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 4,720 ரூபாய் ஆனது. எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டலாம் என்று கேட்ட இடத்தில், நம் ஊர்ப் பழத்தை நம் ஊர்க்காரர்கள்தானே அறிவார்கள் என்ற எண்ணத்தில், கிருஷ்ணகிரியைச் சுற்றி 25 கிலோமீட்டர் என்று குறித்தேன். பங்குனி பிறந்தாலே எந்த மரத்தில் எவ்வளவு காய் நிற்கிறது என்று பேசிக்கொள்ளும் ஊர் இது. ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் ஊர். சாலையோரமெல்லாம் பழக்கூடைகள் இருக்கும் ஊரில், மாம்பழம் விற்கப் பணம் கட்டி விளம்பரம் செய்தேன். கொல்லத் தெருவில் ஊசி விற்பது என்று பெரியவர்கள் சொல்வதை நான் அதுவரை வெறும் பழமொழியாகத்தான் நினைத்திருந்தேன்.

விளம்பரம் தோல்வி அடைந்ததாக எங்கும் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைக்குகள் விழுந்தன. ‘எங்கள் தோட்டத்துப் பழமும் இப்படித்தான் இருக்கும்’ என்று பலர் எழுதினார்கள். ஒருவர் என்னிடமே 40 கிலோ விற்க முன்வந்தார். பெட்டி ஒன்றுகூட விற்கவில்லை. பழம் விற்க வேண்டும் என்று நான் அந்தத் தளத்திடம் கேட்கவே இல்லை. பதிவுக்கு வரவேற்பு வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். நாம் எந்தச் செயலைக் கேட்கிறோமோ, அந்தச் செயலை அடிக்கடி செய்யும் வழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டுவதில் இந்தத் தளங்கள் கெட்டிக்காரர்கள். லைக் கேட்டால், கண்ணில் பட்டதற்கெல்லாம் லைக் போடுபவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். அவர்கள் வாங்குபவர்களா என்பது அதன் கவலை அன்று. விளம்பரத்தை எனக்குச் செய்து கொடுக்க ஓசூரில் ஒரு விளம்பர முகமையையும் இடையில் சில நாட்கள் நாடினேன். அவர்கள் நாளுக்கு நூறு ரூபாய் வீதம் எட்டு விளம்பரங்களாகப் பிரித்து ஓட்டினார்கள். ஒரு விளம்பரத் தொகுப்பு ஒரு வாரத்தில் ஏறத்தாழ 50 முறை நாம் கேட்ட பலனைப் பெற்றால்தான், யாருக்குக் காட்டுவது என்பதை அந்த இயந்திரம் ஓரளவு கற்றுக்கொள்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கையளவு விதையை எட்டு வயலில் தூவியதுபோல ஆயிற்று.

இங்கே ஏலம் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கைப்பேசியைத் திறந்து விரலால் தள்ளும் ஒவ்வொரு முறையும், யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று அங்கே ஓர் ஏலம் நடக்கிறது. மண்டியில் அதிகம் கேட்டவருக்குச் சரக்கு போய்விடும். விளம்பர ஏலத்தில் அப்படி இல்லை. கேட்ட விலையோடு, இந்த மனிதர் இந்த விளம்பரத்தைத் தொடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, விளம்பரம் பார்ப்பவருக்கு எரிச்சல் தருமா என்பவற்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் இடத்தைக் கொடுக்கிறார்கள். ஆகவே நல்ல படமும் பொருத்தமான ஆளும் அமைந்தால் சிறியவரும் பெரியவரை வெல்லலாம். ஆனால் ஏலம் ஏலம்தான். 2024-இல் அட்சய திருதியை மே 10-ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் நகைக்கடைகள் எல்லாம் அதே பெங்களூரு, சென்னைக் குடும்பங்களின் கண்களுக்காகப் போட்டியிட்டதால், முந்தைய ஆண்டு 34 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு விசாரிப்புக்கு நான் 50 ரூபாய்க்கு மேல் கொடுக்க நேர்ந்தது. மாம்பழம் தங்கத்தோடு மோதினால் எது ஜெயிக்கும்?

ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த கணக்கு 2023-ஆம் ஆண்டுடையது. அந்த ஆண்டு கிருஷ்ணகிரியை விட்டுவிட்டு, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவில், தமிழ் அறிந்தவர்களுக்கு மட்டும் காட்டச் சொன்னேன். தொட்டவுடன் என் வாட்ஸ்அப் திறக்கும்படி அமைத்தேன். வரியோடு 14,160 ரூபாய் செலவானது. 410 பேர் விசாரித்தார்கள். விளம்பரம் ஓடிய நாட்களில் 96 பெட்டிகள் விற்றன. ஐந்து கிலோ பெட்டி 850 ரூபாய். அதில் பழத்துக்கு அன்றைய மண்டி விலைப்படி 300, அட்டைப்பெட்டிக்கும் காகிதத்துக்கும் 70, பார்சலுக்கு 150, அழுகிப்போன பழத்துக்கு மாற்று அனுப்பும் வகையில் சராசரியாக 30 ரூபாய் போக, பெட்டிக்கு 300 ரூபாய் நின்றது. விளம்பரச் செலவைப் பெட்டிகளுக்குப் பங்கிட்டால் 147 ரூபாய் 50 காசு. ஆகவே பாதி என் கையில், பாதி தளத்தின் கையில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கணக்கும் சரியில்லை என்பதை, பணத் தட்டுப்பாட்டால் விளம்பரத்தை நிறுத்திய ஒரு பத்து நாட்கள் காட்டின. விளம்பரத்தை நிறுத்துவதற்கு முந்தைய பத்து நாட்களில் 34 பெட்டிகள் விற்றிருந்தன. நிறுத்திய பத்து நாட்களிலும் 15 பெட்டிகள் விற்றன. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள், வாங்கியவர்கள் சொல்லி வந்தவர்கள், உறவினர்கள் என்று அவர்கள் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள். அப்படியானால் 34-இல் விளம்பரம் கொண்டுவந்தது 19 மட்டுமே. அதே விகிதத்தில் 96 பெட்டிகளைக் கணக்கிட்டால் 54 தேறும். ஒரு பெட்டிக்கு விளம்பரச் செலவு 262 ரூபாய் ஆகிவிடும். எனக்கு நிற்பது 38 ரூபாய். இதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த 15 பேரில் சிலர் முன்பே விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தாமதமாக எழுதியவர்களாக இருக்கலாம். உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. தளம் தரும் கணக்கில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. விளம்பரத்தைத் தொட்டவர் வாங்கினால் அது விளம்பரத்தின் வெற்றி என்று அது வரவு வைத்துக்கொள்கிறது.

மண்டிக்குக் காய் ஏற்றிச் செல்லும் எந்த விவசாயிக்கும் தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். இங்கே சரக்கை விற்பவரும் எடை போடுபவரும் ஒருவரே. காணொளிகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டிவிட்டதாக 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் தானே ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்கும் குறைவாகப் பார்த்து நகர்ந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் காரணம். அதற்காக அவர்களைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் 13,400 கோடி டாலருக்கு மேல் வருவாய் ஈட்டி, அதில் ஏறத்தாழ முழுவதையும் விளம்பரத்திலிருந்தே பெற்ற நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த விளம்பரத்தின் பலனை முடிவுசெய்ய வேண்டாம், தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9, ஃபேஸ்புக் பிறந்தது அதே பிப்ரவரி 4. எங்கள் மாவட்டத்தைவிட ஐந்து நாள் மூத்த நிறுவனம் இது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.)

தருமபுரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மைத்துனரின் அனுபவம் வேறு. ஆடித் தள்ளுபடிக்கு அவர் பிளெக்ஸ், உள்ளூர் கேபிள், நாளிதழோடு வைத்துக் கொடுக்கும் பிட் நோட்டீஸ் ஆகியவற்றோடு இன்ஸ்டாகிராமுக்கும் 20,000 ரூபாய் ஒதுக்கினார். பில் போடும் பெண்ணிடம், வருபவர்கள் எதைப் பார்த்து வந்தார்கள் என்று கேட்டுக் கோடு போடச் சொன்னேன். பெரும்பாலானவர்கள், ‘நாங்கள் எப்போதும் இங்கேதான் எடுப்போம்’ என்றார்கள். பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் தலைமுறையாக வரும் அந்தக் குடும்பங்களுக்கு, அவர்கள் ஏற்கெனவே வரவிருந்த கடையைப் பணம் கட்டிக் காட்டியிருந்தார் அவர். அடுத்த ஆடியில் அரூர்ப் பக்கம் விளம்பரத்தை நிறுத்தி, மற்ற இடங்களில் மட்டும் ஓட்டிப் பார்த்தார். அரூர்க்காரர்களின் வருகையில் கண்ணுக்குத் தெரிந்த குறைவு எதுவும் இல்லை.

இதையே பெரிய அளவில் இணையச் சந்தையான ஈபே நிறுவனம் செய்து பார்த்திருக்கிறது. அந்த ஆய்வு 2015-இல் வெளியானது. அது சமூக வலைத்தள விளம்பரத்தைப் பற்றியது அன்று, தேடுபொறி விளம்பரத்தைப் பற்றியது. ஆனாலும் பாடம் பொருந்துகிறது. அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தபோது, அடிக்கடி வாங்குபவர்களின் வாங்குதல் குறையவே இல்லை. ஈபேயைப் புதிதாக அறிந்தவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும்தான் விளம்பரம் வேலை செய்தது. 2017-இல் டைட், ஏரியல் போன்றவற்றை விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் மூன்று மாதங்களில் 10 கோடி டாலருக்கு மேல் இணைய விளம்பரத்தைக் குறைத்தும் விற்பனையில் பெரிய பாதிப்பு இல்லை என்று அறிவித்ததைப் பலர் எடுத்துக்காட்டி, விளம்பரமே வீண் என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்த நிறுவனத்தின் சோப்பை அறியாத வீடு இல்லை. என் தோட்டத்தை அறிந்த வீடு பெங்களூருவில் ஒன்றுகூட இல்லாதிருந்தது. அறிமுகமே இல்லாதவனுக்கும் எல்லோரும் அறிந்தவனுக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

எனக்கு லாபம் வந்த இடம் 2024-இல்தான் தெரிந்தது. முந்தைய ஆண்டு வாங்கிய 70 வீடுகளில் 31 வீடுகள், நான் எதுவும் சொல்லாமலே ஏப்ரல் மாதத்திலேயே ‘பழம் எப்போது?’ என்று கேட்டு எழுதின. அவற்றுக்கு விளம்பரச் செலவு ஒரு காசும் இல்லை. அவர்களில் சிலர் மல்கோவாவும் சேர்த்துக் கேட்டார்கள். முதல் பெட்டியில் நான் சம்பாதிக்கவில்லை, அந்த வீட்டு முகவரியை விலைக்கு வாங்கினேன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிறது. இதற்கு வேண்டியது, வரும் ஒவ்வொரு விசாரிப்புக்கும் அன்றே பதில் எழுதும் ஓர் ஆள். 410 பேரில் இரவு பத்து மணிக்கு மேல் எழுதியவர்களே பாதிக்கு மேல். என் மனைவிதான் அவர்களுக்குப் பதில் எழுதினார். அந்த உழைப்பை மேலே உள்ள எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கவில்லை என்பதை அவரே சுட்டிக்காட்டினார்.

நெடுஞ்சாலையில் உணவகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஓர் ஊரைக் குறித்தால், அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் அங்கே இருந்தவர்களுக்கும் விளம்பரம் போகிறது. சென்னை–பெங்களூரு சாலையில் கிருஷ்ணகிரியைக் கடந்து போனவர்களும் அதில் அடங்குவார்கள். எனக்கு அது வீண் செலவு. சாப்பாட்டுக் கடைக்கு அதுவே வரவாக இருக்கலாம்.

இப்போது நிப்பட்டு. பாக்கெட் ஒன்று 60 ரூபாய் என்றால், அதில் நிற்கும் பத்துப் பதினைந்து ரூபாயைக் கொண்டு 34 ரூபாய் விசாரிப்பை வாங்க முடியாது. இரண்டு கிலோ பெட்டியாகக் கட்டி, மாதம் ஒருமுறை வாங்கக்கூடிய வீடுகளைத் தேடினால் மட்டுமே கணக்கு ஒத்துவரும் என்று தம்பியிடம் சொன்னேன். மாம்பழத்துக்கு ஆண்டில் இரண்டு மாதம்தான். நிப்பட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் உண்டு என்பது அவனுக்குச் சாதகம். மூவாயிரம் ரூபாயோடு தொடங்கச் சொல்லலாம் என்று நினைத்தபோது, முதலில் ஒரு பெட்டியைச் சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அட்டைப்பெட்டியில் போன 40 நிப்பட்டுகளில் 17 நொறுங்கியிருந்தன என்று அவள் படம் எடுத்து அனுப்பினாள். தம்பி இப்போது தகர டப்பாவுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான். விளம்பரக் கணக்கை இன்னும் திறக்கவில்லை.