இரவு பத்து மணிக்கு மேல் இந்தூர்

போபாலிலிருந்து இந்தூருக்கு இரவு நேரத் தனியார் பஸ்ஸில் போக நினைப்பவர்கள், ஜன்னல் கண்ணாடி மூடுகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட்டுக்குப் பணம் கொடுங்கள். மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் இருக்கும் மாளவப் பகுதியின் டிசம்பர் குளிர் சென்னைக்காரர்களுக்குப் பழகிய குளிர் அல்ல. இந்தூரின் சாப்பாட்டைத் தேடி அலுவலகத்திலிருந்து கூட்டமாகப் போனோம். எங்கள் இருக்கைக்குப் பக்கத்துக் கண்ணாடி பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. நடத்துநரிடம் முறையிட்டால், போர்வை தருகிறேன், ஐம்பது ரூபாய் என்கிறார்! கண்ணாடி உடைந்த பஸ்ஸை ஓட்டிவிட்டு, அந்தக் குளிருக்கும் பயணியிடமே வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? சுமார் 190 கிலோமீட்டர்தான் தூரம். நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்று சொல்லி ஏற்றினார்கள். இருக்கைகள் நிரம்பும்வரை போபாலை விட்டுக் கிளம்பவில்லை. வழியில் ஒரு தாபாவில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். இந்தூரில் இறங்கியபோது விடியற்காலை மூன்று மணி.

அங்கே காத்திருந்த ஆட்டோக்காரர் மூன்று கிலோமீட்டருக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டார். எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டிருந்த அலுவலக நண்பரைத் தொலைபேசியில் எழுப்பி ஆட்டோக்காரரிடம் பேசச் சொன்னோம். அரை நிமிடத்தில் இருநூறாக இறங்கியது. இந்தி தெரியாத கூட்டம் என்று தெரிந்ததும் விலை இரண்டரை மடங்காகிவிடுகிறது. ஆண்டு இறுதி விமான டிக்கெட்டின் விலைக்குப் பயந்துதான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் இந்த பஸ்ஸுமாக வந்தோம். மிச்சம் பிடித்த பணத்தை வழியில் இப்படிப் பிடுங்கினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்த எரிச்சல் எல்லாம் காலை எட்டு மணிக்கு ஒரு தட்டு போஹாவில் போய்விட்டது.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இந்தூர் நண்பர், மதிய உணவு நேரத்தில் தன் ஊர் போஹாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவல் உப்புமாவில் அப்படி என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்பதும், வந்து சாப்பிட்டுப் பாருங்கள் என்று அவர் சொல்வதும் வாடிக்கை. அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. கொதிக்கும் நீர் நிரம்பிய பாத்திரத்தின் மேல் அகலமான தட்டை வைத்து, அதில் அவலைக் குவித்திருக்கிறார்கள். ஆவியிலேயே இருப்பதால் மணிக்கணக்கில் காயாமல், குழையாமல் உதிரி உதிரியாக நிற்கிறது. தாளிப்பில் சோம்பு உண்டு, லேசாகச் சர்க்கரை உண்டு. மேலே பச்சை வெங்காயம், மல்லித்தழை, மாதுளை முத்துகள், கை நிறைய ஓமப்பொடி போன்ற சேவ், எலுமிச்சைச் சாறு, எல்லாவற்றுக்கும் மேலே ஜீராவன் பொடி. சீரகம், மல்லி, சோம்பு, மாங்காய்ப் பொடி, கறுப்பு உப்பு, பெருங்காயம் எல்லாம் சேர்ந்த இந்தப் பொடிதான் இந்தூரின் உயிர். பக்கத்திலேயே சுடச்சுட ஜிலேபி. போஹா ஒரு வாய், ஜிலேபி ஒரு கடி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். காலையில் இனிப்பே தொடாத எங்கள் மேலாளர் இரண்டாவது ஜிலேபி கேட்டு வாங்கினார். தட்டு முப்பது ரூபாய். எங்கள் கணக்குப் பிரிவு அக்காவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. செலவுக் கணக்கு முழுவதும் அவர் கையில்.

பகலில் ராஜ்வாடா பார்த்தோம். இந்தூரை ஆண்ட ஹோல்கர்களின் ஏழு மாடி அரண்மனை. கீழ் மூன்று மாடி கல், மேல் நான்கு மாடி மரம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் எல்லோர் மனமும் பக்கத்துத் தெருவில் இருந்தது.

அந்தத் தெரு சராஃபா பஜார். பகல் முழுக்கத் தங்கமும் வெள்ளியும் விற்கும் நகைக்கடைத் தெரு. இரவில் கடைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டதும், அந்தக் கதவுகளுக்கு முன்னாலேயே அடுப்புகளும் தள்ளுவண்டிகளும் வந்துவிடுகின்றன. பத்து மணிக்கு மேல் நடக்க இடமில்லை. பின்னிரவு வரை இப்படித்தான். இரவெல்லாம் ஆள் நடமாட்டம் இருந்தால் நகைக்கடைகளுக்கும் காவல் என்பதால் நகை வியாபாரிகளே இதை ஆதரித்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், தாத்தா பாட்டிகள், கல்லூரி மாணவிகள் என எல்லோரும் நள்ளிரவில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். இதைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம்.

உள்ளே நுழையும்போதே அக்கா சட்டம் போட்டுவிட்டார்: எதை வாங்கினாலும் இரண்டு பேருக்கு ஒரு தட்டு. சிக்கனத்துக்காகச் சொன்னது, வயிற்றுக்கும் அதுதான் சரியாக வந்தது. தனியாகப் போகிறவர் மூன்று பண்டத்தோடு நிறைந்துவிடுவார். கூட்டமாகப் போனதால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ருசி பார்த்தோம்.

முதலில் புட்டே கா கீஸ். மக்காச்சோளத்தைத் துருவி, நெய்யில் கடுகு, சீரகம், பெருங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, பால் விட்டுக் கிளறிக் கிளறி இறக்குகிறார்கள். மேலே தேங்காய்த் துருவல், எலுமிச்சை. சோளத்தின் இனிப்பும் மிளகாயின் காரமும் ஒன்றாக நாக்கில் இறங்குகின்றன. அந்தத் தெருவிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அடுத்து கராடு. வள்ளிக்கிழங்கு வகைதான், துண்டு போட்டு, எண்ணெயில் இரண்டு முறை பொரித்து, மசாலாப் பொடி தூவி எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மாவாகக் கரைகிறது. அசைவம் இல்லாத ஊருக்கா கூட்டிவந்தீர்கள் என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்துத் தம்பி, அக்காவின் சட்டத்தை மீறித் தனக்கென்று ஒரு தட்டு வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் புலம்பல் இல்லை.

ஜோஷி தஹி படா கடையில் கூட்டம் ருசிக்கு மட்டும் சேர்வதில்லை. தயிர் வடை நிறைந்த தொன்னையை ஆகாயத்தில் தூக்கிப் போட்டு, சொட்டுக்கூடச் சிந்தாமல் பிடிக்கிறார்கள். பிறகு ஒரே சிட்டிகையில் ஐந்து பொடிகளை எடுத்து, விரலிடுக்கிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூவுகிறார்கள். வடை பஞ்சு, தயிர் கெட்டி. வித்தை காட்டி விற்பதற்குத் தக்க தரமும் இருந்தது.

ஜலேபா என்று ஒரு ராட்சத ஜிலேபி. ஒன்றே ஏறக்குறைய முந்நூறு கிராம் வருகிறது. எல்லோருமாகப் பிய்த்துத் தின்றும் மீதி இருந்தது. ஷிகஞ்சி இந்தூரில் சுண்டக் காய்ச்சிய பாலில் குங்குமப்பூவும் உலர் பழங்களும் சேர்த்த கனமான பானம். முதலில் குடிக்காதீர்கள், குடித்தால் வேறு எதற்கும் இடம் இருக்காது.

இதே தெருவில் மோமோ, நூடுல்ஸ், வாயில் தீ வைக்கும் பான், பீட்சா எல்லாம் புகுந்திருந்தன. நண்பருக்கும் இதில் கோபம். எந்த ஊரிலும் கிடைக்கும் மோமோவைத் தின்ன நள்ளிரவில் சராஃபாவுக்கு வர வேண்டுமா? அந்த வண்டிகளுக்கு முன்னால் நின்று நேரத்தையும் பணத்தையும் வீணாக்காதீர்கள். பழைய பண்டம் விற்கும் கடைகளில்தான் உள்ளூர்க்காரர்கள் நிற்கிறார்கள். அவர்கள் பின்னால் போய் நில்லுங்கள்.

தின்ற தொன்னை ஒன்றுகூடத் தரையில் கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 முதல் நாட்டின் தூய்மை நகரப் பட்டியலில் தொடர்ந்து முதலிடம் பிடித்த ஊர் இது. தொன்னையைக் கையிலேயே வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டி வரை நடக்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட.

சப்பன் துகானுக்கும் போனோம். ஐம்பத்தாறு கடைகள் வரிசையாக நிற்கும் இடம். நெரிசல் இல்லை, உட்கார இடம் உண்டு. அங்கே பென்ஜோ என்ற முட்டை வைத்த பன் தின்று தம்பி சமாதானம் ஆனான். எனக்குச் சராஃபாவின் சூடு அங்கே இல்லை.

நண்பர் வீட்டு தால் பாஃப்லா பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ராஜஸ்தானத்தில் ‘பாட்டீ’ என்னும் கோதுமை மாவு உருண்டையை அப்படியே நெருப்பில் சுடுவார்கள். மாளவத்து பாஃப்லாவை முதலில் தண்ணீரில் வேகவைத்து, பிறகு சுட்டு, நெய்யில் முக்குகிறார்கள். அதனால் உடைத்தால் மிருதுவாகப் பிரிகிறது. பாஃப்லாவைப் பிசைந்து பருப்பை ஊற்றி, மோர்க்குழம்பு போன்ற ‘கடி’யும் பச்சைச் சட்னியும் லட்டும் வைத்தார்கள். மராட்டிய ஹோல்கர்கள் ஆண்ட ஊர், மார்வாடிகளும் குஜராத்திகளும் வியாபாரம் செய்ய வந்த ஊர்; காலையில் போஹா, மதியம் பாஃப்லா என்று எல்லார் சமையலும் இங்கே தங்கிவிட்டது. நண்பரின் அம்மா ஒவ்வொரு பாஃப்லாவையும் உடைத்து, அதன் மேல் இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டார். போதும் என்று கையை மறைத்தால், கையின் இடுக்கு வழியாக விட்டார். சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு நெய் வேண்டாமா என்று கேட்டார். அன்று மாலைவரை யாராலும் எழுந்து நடக்க முடியவில்லை. கடையில் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அந்தச் சாப்பாடு வராது.

செலவு: சராஃபாவில் ஓர் இரவுக்கு ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கராடு குளிர்காலத்தில்தான் கிடைக்கும், ஆகவே நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். போபாலிலிருந்து பஸ்ஸானால் பகல் பஸ். திரும்பும்போது கிராம்பு வாசனை அடிக்கும் சேவும் ஜீராவன் பொடியும் வாங்கிவாருங்கள். வீட்டுக்கு உள்ளதைத் தனியே கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். எங்கள் பொட்டலங்கள் ரயிலில் நாக்பூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டன.