வட்டம் சுத்தாம வீடியோ ஓடணும்னா

நெட் ஸ்பீடா இருந்தா வீடியோ நிக்காதுன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். சொந்தமா ஒரு குட்டி வீடியோ பிளேயர் எழுதிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, சராசரி ஸ்பீடு எவ்ளோங்கறது பெரிய விஷயமே இல்ல, நடுநடுவுல அஞ்சு செகண்ட் பத்து செகண்ட் நெட் சுத்தமா படுத்துக்குது பாருங்க, அதைத் தாங்கறதுதான் விஷயம்.

லைவ்னா இதுக்கு வழி கம்மி, அடுத்த காட்சி இன்னும் நடக்கவே இல்லையே. முன்னாடியே ரெக்கார்ட் பண்ணினதுன்னா மொத்தமும் சர்வர்ல ரெடியா இருக்கு, நெட் நல்லாருக்கற நேரத்துல அள்ளி பஃபர்ல, அதாவது ஓடறதுக்கு முன்னாடியே வாங்கி சேத்து வெக்கற இடத்துல, போட்டு வெச்சுக்கலாம். வீடியோவை சில செகண்ட் துண்டுகளா வெட்டி ஒவ்வொரு துண்டையும் 240பி, 480பி, 1080பின்னு பல தரத்துல வெச்சிருப்பாங்க, அடுத்த துண்டு எந்தத் தரத்துல வேணும்னு பிளேயர்தான் கேக்கும். 2009ல ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012ல ஐஎஸ்ஓங்கற சர்வதேச அமைப்போட ஸ்டாண்டர்டா வந்த டேஷ்னு வீடியோ அனுப்பற முறைகள் ரெண்டுமே இப்படித்தான். வழில தொலைஞ்ச பாக்கெட்டை (நெட்ல டேட்டா வர்ற குட்டிப் பொட்டலம்) டிசிபிங்கற நெட் விதிமுறை திரும்ப அனுப்ப வெச்சிரும், லேட்டாகும்தான், ஆனா பஃபர்ல சரக்கு இருக்கறவரைக்கும் பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் எங்க சொதப்பினேன்னா, கடைசித் துண்டு வந்த வேகத்தை அளந்து அதை அப்படியே நம்பினேன். ஒண்ணு வேகமா வந்தா போதும், உடனே 1080பிக்குத் தாவும், அடுத்த துண்டு பாதில மாட்டிக்கும், வட்டம் சுத்தும், பயந்துபோய் 240பிக்கு விழும், திரும்ப தாவும்... பாக்கறதுக்கே தலைவலி.

அப்புறம்தான் 2014ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிச்சேன். நெட்ஃப்ளிக்ஸ்ல நிஜமா படம் பாக்கறவங்களை வெச்சே சோதிச்சிருக்காங்க: வேகத்தைக் கணிக்கறதை முடிஞ்சவரைக்கும் விட்டுட்டு பஃபர் எவ்ளோ நிரம்பிருக்குன்னு பாத்தே தரத்தை முடிவு பண்றது. அப்போ அவங்க வெச்சிருந்த முறையோட ஒப்பிட்டா வீடியோ நின்னுபோறது 10லேர்ந்து 20 சதவீதம் குறைஞ்சிருக்கு, சராசரித் தரமும் பெருசா மாறல. நானும் மாத்தினேன்: பஃபர்ல 10 செகண்டுக்குக் கீழ இருந்தா கண்ண மூடிட்டு 240பி, 50 செகண்டுக்கு மேல இருந்தா 1080பி, நடுவுல படிப்படியா. என்னைக் கேட்டா படம் கொஞ்சம் மங்கலா ஓடலாம், நிக்கத்தான் கூடாது.



யாராவது வீடியோவை பஃபரையும் தாண்டி டபக்குனு முன்னாடி தள்ளிட்டா மட்டும் சேத்து வெச்ச பஃபர் அவ்ளோவும் வேஸ்ட், திரும்ப பூஜ்யத்துலேர்ந்துதான். அங்க முதல் ரெண்டு துண்டை 240பில வாங்கி சமாளிக்கறேன், அதுக்கு மேல இன்னும் ஒண்ணும் தோணல.