எலியிடம் என்ன கேட்டார்கள்?

‘விலங்குகளில் நல்ல பலன் தந்தது’ என்று தடுப்பூசிச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம், அந்த விலங்கிடம் என்ன கேட்டார்கள் என்றே எனக்கு முதலில் தோன்றும். நுரையீரல் தப்பியதா, மூக்கில் வைரஸ் பெருகுவது நின்றதா, ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாமல் இருந்ததா என்பவை வெவ்வேறு கேள்விகள். மூன்றுக்கும் ஒரே பிராணி விடை சொல்லிவிடுவது அரிது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, குழந்தைகளின் சுவாசப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸின் கதையைத்தான். 1960-களில் அமெரிக்காவில், ஃபார்மலின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். இரத்தத்தில் எதிர்ப்புரதங்கள் உருவாயின. ஆனால் பின்னர் இயற்கையாக வைரஸ் தொற்றியபோது, தடுப்பூசி போடாத குழந்தைகளைவிடப் போட்டுக்கொண்டவர்களுக்கே நோய் கடுமையாக வந்தது, இரண்டு குழந்தைகள் இறந்தும் போயினர். பிற்காலத்தில் பருத்தி எலிகளுக்கு அதே வகைத் தடுப்பூசியைப் போட்டு, பிறகு வைரஸை மூக்கின் வழியே செலுத்திப் பார்த்தபோது, அவற்றின் நுரையீரலிலும் அத்தகைய அழற்சி தென்பட்டது. எலி வெளிப்பார்வைக்கு நலமாகவே தெரியும் என்பதால், திசுவை நுண்ணோக்கியில் பார்க்காதவர் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிவிடக்கூடும். தடுப்பூசி போட்டு எதிர்ப்புரதத்தை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்ளும் ஆய்வை நான் ஐயத்தோடு படிப்பது இதனால்தான்.

இன்ஃப்ளூயன்சா எனும் ஃப்ளூ காய்ச்சலை ஆராய ஏற்றது, கீரி போன்ற ஒல்லிப் பிராணியான ஃபெரட். 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோர் நோயுற்றவரின் தொண்டை கழுவிய நீரை அதன் மூக்கில் விட்டுத்தான் மனித ஃப்ளூ வைரஸைக் கண்டறிந்தனர். வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அதன் சுவாசப்பாதையில் மனிதருக்கு உள்ளவாறே பரவியிருப்பதால், அந்தப் பிராணி நம்மைப் போலவே காய்ச்சலுற்றுத் தும்மும். அடுத்தடுத்த கூண்டுகளில் காற்று மட்டும் கடக்குமாறு வைத்து, தொற்று பரவுவதையும் அதைக் கொண்டு ஆராயலாம்.

கொரோனாவுக்கோ சாதாரண ஆய்வக எலி உதவவில்லை. செல்லுக்குள் நுழைய இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஏசிஇ2 என்ற புரதம்; எலியின் ஏசிஇ2-வில் தொடக்ககால வைரஸால் சரிவர ஒட்ட முடியவில்லை. மனித ஏசிஇ2 மரபணுவைப் புகுத்திய எலிகளில் வைரஸ் மூளைக்கும் பரவுவதுண்டு. ஆகவே அவற்றின் மரணத்தை நுரையீரல் நோயின் அளவுகோலாக அப்படியே கொள்ள முடியாது. எந்த மரபணு மாற்றமும் இன்றியே தொற்றுக்கு உள்ளாகி, எடை குறைந்து, நிமோனியா கண்டு, இரண்டு வாரங்களில் தேறிவிடும், எலி போன்ற சிறு பிராணியான சிரிய ஹாம்ஸ்டர் இவ்வகையில் மேலானது.

ரீசஸ் குரங்குகளில் 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கொரோனா தடுப்பூசியைச் சோதித்தபோது, தடுப்பூசி பெற்றவை நிமோனியாவிலிருந்து தப்பின. ஆனால் ஒரு தவணை போட்டவற்றின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில், போடாதவற்றுக்கு நிகராகவே வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. நுரையீரலைக் காக்கும் ஊசி மூக்கையும் காக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பது, மனிதரில் பெரும் சோதனைகள் முடிவதற்கு முன்பே அந்த ஆய்வில் தெரிந்திருந்தது.