சமுத்ரிகா: படகு ஓடாத நாளில் பார்த்த கடல்

அந்தமான் போகிறவர்களின் பட்டியலில் சமுத்ரிகா கடல் அருங்காட்சியகம் எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும். செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக் எல்லாம் முடிந்து, விமானத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தால் வண்டிக்காரர் அங்கே இறக்கிவிடுவார். பெட்டிகள் வண்டியிலேயே இருக்கும். உள்ளே ஒரு சுற்று, வெளியே ஓர் இளநீர், அப்புறம் விமான நிலையம். என் கட்சி வேறு. போர்ட் பிளேரில் இறங்கியவுடன், கடலில் கால் நனைப்பதற்கு முன்பே பார்க்கவேண்டிய இடம் இது.

எனக்கு அந்த வரிசை மழையால் அமைந்தது. ஜூன் மாதத் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து, படகுகளை நிறுத்திவிட்டார்கள். மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தகரக் கூரையில் மழை கொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவின் தம்பியான மாமா, இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இளவயதில் கப்பலேறி இங்கே வந்தவர். சாத்தம் மரமில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1883-இல் ஆங்கிலேயர் தொடங்கிய மில் அது. ஊரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாகிவிட்டது. மாமா வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

“சும்மா உட்கார்ந்து மழையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? வா மாப்பிள்ளை, நேவி மியூசியத்துக்குப் போய் வருவோம்” என்றார். அத்தை இரண்டு குடைகளையும் ஒரு பிளாஸ்க் டீயையும் கொடுத்து அனுப்பினார்.

டெலானிபூரில், டீல் ஹவுஸ் விடுதிக்கு எதிரே இருக்கிறது சமுத்ரிகா. இந்தியக் கடற்படை நடத்துகிறது. டிக்கெட் விலை மிகக் குறைவு. நாங்கள் போனபோது உள்ளே படம் எடுக்க விடவில்லை. எடுக்க முடியாது என்றதும் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம் என்பது ஒரு லாபம்.

வாசலிலேயே நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. நிக்கோபார்த் தீவுகளில் கரை ஒதுங்கிய இளம் திமிங்கிலம் அது. இளம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள். வளர்ந்தது முப்பது மீட்டர் வரை போகும் என்ற கணக்கு அப்போதுதான் உடம்பில் உறைக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற சிறுமி, “பல்லைக் காணோமே?” என்று தன் அப்பாவிடம் கேட்டாள். அவர் விழுந்திருக்கும் என்று சமாளித்தார். விழவில்லை, நீலத் திமிங்கிலத்துக்குப் பல்லே கிடையாது. மேல்தாடையிலிருந்து சீப்புப் போலத் தொங்கும் தகடுகளால் கடல்நீரை வடிகட்டி, விரலளவு கூனிகளைத் தின்று வாழும் பிராணி. அந்தத் தகடுகள் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதனாலேயே ஆனவை. எலும்பு அல்ல என்பதால் எலும்புக்கூட்டோடு நிற்பதில்லை.

நான் கிட்டே போய்ப் பார்த்தது கீழ்த்தாடையை. வில்லாக வளைந்த இரண்டு எலும்புகள். முன்பக்கத்தில் நமக்கு இருப்பதுபோல் ஒன்றாக இறுகி ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு மென்மையான இணைப்பு மட்டும்தான் நடுவில். வாயைத் திறக்கும்போது இரண்டும் விலகிக்கொடுப்பதால்தான் தன் உடம்புக்குச் சமமான நீரை ஒரே மடக்கில் அள்ள முடிகிறது. எலும்பின் மேற்பரப்பு பார்க்க வழவழப்பாகத் தோன்றினாலும் அருகில் பொடித்துளைகள். திமிங்கில எலும்பு முழுக்க எண்ணெய் ஊறியது. இறந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் கசிந்துகொண்டிருக்கும் என்பார்கள். மாமா மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தார். மழை வாசனைதான் வந்தது.

உள்ளே ஐந்து பகுதிகள். தொல்லியல் பகுதியை வேகமாகக் கடந்தோம். தீவுகளின் நிலவியலைச் சொல்லும் பகுதியில் மாமா நின்றுவிட்டார். நான் நகர்த்தினாலும் நகரவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் அந்தமான் நிக்கோபார் என்பது கடலில் சிந்திய புள்ளிகள். உண்மையில் அது ஒரு மலைத்தொடர். மியான்மரின் அரக்கான் மலைகள் கடலுக்குள் இறங்கி, சுமத்ராவை நோக்கிப் போகும் வழியில் அங்கங்கே தலைநீட்டும் சிகரங்களே இந்தத் தீவுகள். இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு இவற்றின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலையான பாரன் தீவும் இங்கே இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் தூங்கிவிட்டு 1991-இல் விழித்துக்கொண்டது. இரண்டு தீவுக்கூட்டங்களையும் பிரிக்கும் பத்து டிகிரி கால்வாய்க்குத் தெற்கே நிக்கோபார். முதலாம் ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘மாநக்கவாரம்’ இதுதான் என்பார்கள்.

இதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். மாமா விரலை வைத்துச் சொன்னதுதான் எனக்குப் புதிது. 2004 டிசம்பர் 26 என்றால் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது அலை. தீவுக்காரர்களுக்கு முதலில் வந்தது நில ஆட்டம். அன்றைக்கு இந்தத் தீவுக்கூட்டமே ஊஞ்சல் பலகையின் இரண்டு முனைபோல ஒரு பக்கம் எழுந்து, மறுபக்கம் அமிழ்ந்தது. வட அந்தமானின் மேற்குப் பக்கத்தில் நிலம் உயர்ந்ததால், நீருக்கடியில் இருந்த பவளப் பாறைகள் வெயிலுக்கு வந்து அப்படியே செத்துப்போயின. தெற்கே கிரேட் நிக்கோபாரின் முனையில், இந்தியாவின் கடைசிப் புள்ளியான இந்திரா முனை, நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நிற்கத் தொடங்கியது.

“சிப்பிகாட் பக்கம் நெல் வயல் இருந்தது மாப்பிள்ளை. அலை வந்துவிட்டுப் போயிருந்தால் மறுவருடம் உழுதிருப்பார்கள். தரையே இறங்கிவிட்டதே, என்ன செய்வது? தண்ணீர் வந்தது, அங்கேயே குடியிருந்துவிட்டது” என்றார். போர்ட் பிளேருக்கு வெளியே அந்த இடத்தை நான் பிறகு பஸ்ஸில் கடந்தபோது, வயல் இருந்த இடத்தில் உப்புநீரும் பட்டுப்போன மரங்களும்தான் இருந்தன.

தீவுகளின் பழங்குடி மக்களைப் பற்றிய பகுதியில் நான் அதிகம் நிற்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதர்களின் வாழ்க்கையைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது எனக்கு எங்கேயும் ஒட்டுவதில்லை. நிக்கோபாரியரின் பக்கமிதவை வைத்த ஓடங்களைப் பற்றி மட்டும் நின்று கேட்டுக்கொண்டேன். கடல் தெரிந்தவன் செய்த பொருள் அது. இந்த மக்களைப் பற்றி விரிவாக அறிய விரும்புகிறவர்களுக்கு ஊருக்குள்ளேயே இந்திய மானுடவியல் ஆய்வுத்துறையின் அருங்காட்சியகம் தனியாக இருக்கிறது.

சங்கு, சோழி, சிப்பிப் பகுதியில்தான் நேரம் போனதே தெரியவில்லை. எங்கள் ஊரில் சங்கு குளிக்கப் போனவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது சொந்த வீட்டு அலமாரி. ஆனால் அங்கே காணாதவையும் நிறைய. டிரோகஸ் என்ற பம்பர வடிவச் சங்கு, அதைவிடப் பருத்த டர்போ. இவற்றின் உட்புற முத்துப் பளபளப்பை வெட்டித்தான் ஒருகாலத்தில் சட்டைப் பொத்தான் செய்தார்கள். பிளாஸ்டிக் வருவதற்கு முந்தைய காலம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இவற்றைத் தேடி ஜப்பானிய மூழ்காளிகள் இந்தத் தண்ணீருக்கு வந்துபோனார்கள். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இங்கே வந்து இறங்கியபோது, வழி தெரிந்தவர்கள் முன்பே வந்துபோனவர்கள்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மாமா அதைச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

கூம்புச் சங்குகளின் ஓட்டில் பழுப்பும் வெள்ளையுமாக யாரோ உட்கார்ந்து பின்னியதுபோல ஒரு வலைக்கோலம். கடலோரத்தில் கிடந்தால் எந்தக் குழந்தையும் எடுத்துப் பைக்குள் போடும். உள்ளே உயிர் இருந்தால் அதன் வாயிலிருந்து ஈட்டிபோன்ற ஒரு பல் பாய்ந்து நஞ்சை ஏற்றும். மீனை அந்த இடத்திலேயே அசையாமல் ஆக்கிவிடும் நஞ்சு. சில இனங்கள் மனிதனையும் கொன்றிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு கடலில் இறங்குவது நல்லதா, இறங்கிவிட்டு வந்து தெரிந்துகொள்வது நல்லதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பக்கத்திலேயே இராட்சதச் சிப்பி. மூழ்காளியின் காலைக் கவ்விக்கொண்டு விடாது என்று இதன்மேல் ஒரு பழி. பாவம், அது ஆமை வேகத்தில் மூடும் பிராணி. தன் சதைமடிப்பில் நுண்பாசிகளை வளர்த்து, அவை வெயிலில் சமைக்கும் உணவைப் பங்குபோட்டுக்கொண்டு வாழ்கிறது.

பவளமும் அதே ஏற்பாடுதான். கண்ணாடிக்குள் இருப்பவை வெறும் சுண்ணாம்புக் கூடுகள்: மான்கொம்பு, மூளை, காளான், குழல்குழலாய்ச் சிவந்த ஒன்று. உயிரோடு இருக்கும்போது ஒவ்வொரு பொட்டிலும் ஒரு சிறு விலங்கு, அதற்குள் பாசி, நிறம் பெரும்பாலும் பாசி தருவது. கடல் சில வாரங்கள் அளவுக்கு மீறிச் சூடானால் பாசியை வெளியே தள்ளிவிடும், பவளம் வெளுக்கும். 2010 கோடையில் அந்தமான் முழுக்க அது பெரிய அளவில் நடந்தது. எங்கள் மன்னார் வளைகுடாவிலும் ‘பார்’ என்று நாங்கள் சொல்லும் பவளத்திட்டு வெளுத்த ஆண்டுதான் அது. கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளை அழகாகத் தெரிவதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

கடல் அட்டை ஒரு புட்டியில் வெளுத்துக் கிடந்தது. “இதற்காக நம் ஊர்க்காரன் எத்தனை பேர் கோர்ட்டு வாசலில் நின்றான்!” என்றார் மாமா. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் கடல் அட்டை, பவளம், கடல் குதிரை, சில சங்கு, சிப்பி வகைகள் எல்லாம் சேர்க்கப்பட்டன. ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் ஒரு இளம் தம்பதியின் பையிலிருந்து உள்ளங்கையளவு பவளத் துண்டை எடுத்துவைத்தார்கள். “கரையில் சும்மா கிடந்தது சார்” என்று அந்தப் பையன் மன்றாடினான். கரையில் கிடந்தாலும் பட்டியலில் இருப்பது பட்டியலில் இருப்பதுதான். பட்டியலில் இல்லாத சங்கு, சிப்பிப் பொருள்களைக் கடையில் வாங்குகிறவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டிகள் சின்னவை, கொஞ்சம்தான். பெருநகர மால்களில் தலைக்கு மேல் சுறா நீந்தும் கண்ணாடிக் குகையைப் பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கலாம். எனக்கு இந்த அளவு பிடித்திருந்தது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் கொடுக்க முடிந்தது.

கல்லிடுக்கில் பாம்புபோல் நீண்ட மீனான ஓர் அஞ்சாலை. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடியது. சிறுமி பயந்து அப்பாவின் பின்னால் போனாள். அது மிரட்டல் இல்லை, மூச்சு. அதன் செவுள் திறப்பு மிகச் சிறியது. வாயால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் உயிர் நிற்கும். அடுத்த தொட்டியில் கோமாளி மீன்கள், கடல் சாமந்திக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தன. அந்தக் குடும்பத்தில் பெரியது பெண், அதுதான் தலைவி. அவள் இறந்தால் அவளுடைய ஆண் துணை பெண்ணாக மாறி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்ட மாமா சிறிது யோசித்துவிட்டு, “வீட்டில் போய் அத்தையிடம் சொல்லாதே” என்றார்.

சிங்க மீனின் செட்டைகள் விரிந்து, ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக அசைந்தது. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைக்கவேண்டும் என்று மாமா சொன்னார். அது கைவைத்தியம் மட்டுமல்ல. அந்த நஞ்சு சூட்டில் கெட்டுப்போகிற வகை என்பதால் மருத்துவர்களும் அதையே செய்யச் சொல்கிறார்கள்.

மழை விட்டு, நார்த் பே போய்த் தண்ணீருக்குள் முகத்தை வைத்தபோது இதன் பலன் தெரிந்தது. கூட வந்தவர்கள் ‘கலர் கலரா மீன்’ பார்த்தார்கள். எனக்கு அங்கே கிளாத்தி இருந்தது, களவாக் குஞ்சு இருந்தது, பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன் இருந்தது. கிட்டே போகக்கூடாத கூம்புச் சங்கு இருக்கக்கூடிய மணலும் இருந்தது.

திங்கட்கிழமை விடுமுறை, மதிய இடைவேளையும் உண்டு, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். தொட்டி மீன்கள் இன்னும் வேண்டுமென்றால் நீர் விளையாட்டு வளாகம் அருகே மீன்வளத் துறையின் காட்சியகத்துக்கும் போகலாம்.

வெளியே வரும் வழியில் பார்வையாளர் கருத்துப் பதிவேடு இருந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னால் எழுதியவர்களின் கருத்தையெல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டுத் தமிழில் எழுதினார்: “காட்சிப் பெட்டிகளின் சட்டம் படாக் மரம். இழைப்பு நன்றாக இருக்கிறது.” கீழே கையெழுத்துப் போட்டு, அதற்கும் கீழே, ‘சாத்தம் மில், ஓய்வு’ என்று சேர்த்தார்.