ஒரு மஞ்சள் விளக்கு, மூன்று மெக்கானிக்குகள்

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததும் நான் செய்த முதல் காரியம், வண்டியை ஓரங்கட்டி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தது. கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் செய்வோமே, அதே வைத்தியம். எரிந்துகொண்டேதான் இருந்தது. வண்டி என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஐடிலிங்கில் லேசாக ஒரு நடுக்கம், அதுவும் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை விளக்கைப் பார்த்த பயத்தில் எனக்குத் தோன்றுகிறதா என்று தெரியவில்லை.

நிற்காமல் எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வித்தியாசம் உண்டு என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியும். மஞ்சளாக நிலையாக எரிந்தால் பதறத் தேவையில்லை, சில நாட்களுக்குள் காட்டினால் போதும். மின்னினால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றி எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும், அது ரொம்ப விலை கூடிய பாகம், அதனால் ஆக்ஸிலேட்டரை விட்டு மெதுவாக ஓரங்கட்டுவதுதான் நல்லது. சிவப்பில் எண்ணெய்க் கிண்டி படம் வந்தால் கதையே வேறு, அங்கேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். எனக்கு எரிந்தது நிலையான மஞ்சள். அதனால் நல்ல ஆளாகத் தேட நேரம் இருந்தது, ஆனால் நான் தேடவில்லை. வழியில் முதலில் கண்ணில் பட்ட ஒர்க்ஷாப்பில் விட்டேன்.

அங்கே ஸ்கேனரை மாட்டினார்கள், இரண்டே நிமிடம். “ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. நான் நன்றி சொல்லி, பில்லைக் கட்டி, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். சரியாக ஐந்தாவது நாள் காலையில் அதே மஞ்சள் விளக்கு.

அப்புறம்தான் கோபத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில், 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் இருந்து. இதில் மாட்டுகிற சின்ன புளூடூத் ரீடர் ஒன்று வாங்கினால் போனிலேயே கோடு (code), அதாவது கோளாறின் குறியீட்டு எண், தெரியும். என் வண்டியில் வந்தது பி 0171. அதன் பொருள் “சென்சார் கெட்டுவிட்டது” என்பதல்ல. “எஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு” என்பதுதான். அதை மோந்து பார்த்துச் சொன்னதே அந்த ஆக்ஸிஜன் சென்சார்தான்! காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தெர்மாமீட்டர் வாங்கியிருக்கிறேன், அதற்குக் காசும் கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் விளக்கு ஏன் அணைந்தது? ஸ்கேனரில் கோடை அழித்தார்கள், அவ்வளவுதான். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலும் அதே பலன் கிடைத்திருக்கும். பல கோளாறுகளுக்கு கம்ப்யூட்டர் உடனே விளக்கைப் போடுவதில்லை. முதல் தடவை பார்த்தால் மனதில் குறித்துக்கொள்ளும், அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு. அழித்த பிறகு சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் அதற்குக் கொஞ்ச நாள் ஆகும். இன்னொரு நஷ்டமும் உண்டு. கோடு பதிவான நொடியில் வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், எஞ்சின் எவ்வளவு சூடு என்று ஒரு பதிவு சேர்ந்து இருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அதாவது துப்பு இருந்த இடத்தைக் கழுவிவிட்டு எனக்கு பில் போட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஒர்க்ஷாப்புக்குள் நுழையும் முன்பே திரையைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது மெக்கானிக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பானெட்டைக் கூடத் திறக்கவில்லை, கோடைக் கேட்டார், “ஃப்யூயல் பம்ப்பா இருக்கும், இல்லைன்னா இன்ஜெக்டர், முதல்ல பம்ப்பை மாத்திப் பார்ப்போம், சரியாகலைன்னா அடுத்தது பார்ப்போம்” என்றார். யார் காசில் பார்ப்போம் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் நிஜமாகத் தேடினேன். ஆன்லைன் ரிவ்யூக்களில் ஒரு சிக்கல் இருப்பது அப்போது உறைத்தது: எல்லாரும் வண்டியை எடுத்த அன்றைக்கே ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். அன்றைக்கு விளக்கு அணைந்துதான் இருக்கும்! நானும் ஐந்தாவது நாளுக்கு முன்னால் கேட்டிருந்தால் அந்த முதல் ஒர்க்ஷாப்பைப் புகழ்ந்து எழுதியிருப்பேன். அதனால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, “ஆறு மாசம் ஆச்சு, மறுபடி வரலை” என்கிற மாதிரி எழுதியவர்களைத் தேடினேன், “பெரிய வேலைன்னு பயந்து போனேன், மூடி லூஸா இருந்திருக்குன்னு இறுக்கி அனுப்பிட்டாங்க” என்கிற மாதிரியும். (பெட்ரோல் டேங்க் மூடி சரியாக இறுகாமல் இருந்தாலும் சில வண்டிகளில் இந்த விளக்கு எரியும். என்னுடையதைப் பார்த்துவிட்டேன், அவ்வளவு அதிர்ஷ்டம் எனக்கில்லை.)

அப்படிக் கிடைத்த நாலைந்து இடங்களுக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டேன். பி 0171 வருகிறது, ஐடிலில் லேசாக நடுங்குகிறது, ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியாகிவிட்டது, நீங்கள் என்ன பண்ணுவீர்கள்? போனிலேயே ஒரு பாகத்தின் பெயரையும் விலையையும் சொன்னவர்களை விட்டுவிட்டேன். ஒருவர் மட்டும், “பார்க்காம சொல்ல முடியாது சார், கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா சார்ஜ் உண்டு, கண்டுபிடிச்சு சொல்றேன், வேலையை நீங்க வேற எங்க வேணா கொடுத்துக்கலாம்” என்றார். பழைய நான் என்றால் “பார்க்கிறதுக்கே காசா” என்று போனை வைத்திருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், கண்டுபிடிப்பதற்குக் காசு வாங்காதவர் அந்தக் காசை எதில் எடுப்பார்? பாகத்தில்தான் எடுக்க வேண்டும். அப்படியென்றால் எதையாவது மாற்றியே ஆக வேண்டும்.

போனேன். முதல் பத்து நிமிடம் ஸ்கேனரையே தொடவில்லை, கேள்விகள்தான். எப்போது ஆரம்பித்தது, காலையில் குளிர்ந்த எஞ்சினில் நடுக்கம் அதிகமா, சூடான பிறகா, மேடு ஏறும்போது இழுக்கிறதா, அதற்கு முன்னால் ஏதாவது சர்வீஸ் நடந்ததா, ஏர் ஃபில்டரை யார் மாற்றினார்கள். டாக்டரிடம் போன மாதிரி இருந்தது.

அப்புறம் ஸ்கேனரை மாட்டி, கோடைத் தாண்டி லைவ் டேட்டாவுக்குப் போனார், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு எண். கலவையில் பெட்ரோல் குறைவது தெரிந்ததும் கம்ப்யூட்டர் தன் கணக்கை விட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்பதைக் காட்டுவது. ஐடிலில் அது 22 என்று நின்றது. “இப்போ பாருங்க” என்று ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தார், எண் மடமடவென்று இறங்கி 5-க்கு வந்தது. அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு.

“பம்ப் வீக்கா இருந்தா, எஞ்சின் பெட்ரோல் அதிகமா கேக்கக் கேக்க இந்த நம்பர் ஏறணும், இங்க இறங்குது. எங்கயோ காத்து உள்ள போகுது.” காற்றை அளக்கிற சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஏதாவது ஒரு இடத்தில் விரிசல் இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை கம்ப்யூட்டர் ஊற்றாது. ஐடிலில் எஞ்சின் வாங்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. வேகம் கூடினால் மொத்தக் காற்று அதிகம், திருட்டு பெரிதாகத் தெரியாது. இவ்வளவுதான் விஷயம். கேட்டதும் எனக்கே புரிந்துவிட்டது, அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் இரண்டு பேர் பேசும்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை; எனக்குத்தான் கார் அறிவு இல்லை என்று நினைத்திருந்தேன்.

எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு சின்ன மெஷினில் இருந்து குழாய் வழியாக உள்ளே புகையை மெதுவாக ஏற்றினார். இரண்டு நிமிடம் காத்திருந்தோம். த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகிற காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) பக்கம் போகிற ஒரு கருப்பு ரப்பர் ஹோஸ், அதன் வளைவில், கீழ்ப்பக்கம், மேலிருந்து பார்த்தால் சத்தியமாகத் தெரியாத இடத்தில், சாம்பிராணி போட்ட மாதிரி புகை கசிந்தது. டார்ச் அடித்துக் காட்டினார். விரல் நகம் அளவுக்கு ஒரு விரிசல்.

ஹோஸின் விலை, நான் முன்பு மாற்றிய சென்சாரின் விலையில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. கண்டுபிடித்ததற்கான கூலிதான் பில்லில் பெரிய தொகை, அதைக் கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை. பழைய ஹோஸைக் கேட்காமலே கையில் கொடுத்தார். முதல் இடத்தில் பழைய சென்சாரைக் கேட்டபோது “குப்பைக்குப் போயிடுச்சு” என்றது ஞாபகம் வந்தது. அது நிஜமாகவே கெட்டிருந்ததா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இதை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாரண்டி இருக்கிற வண்டி என்றால் யோசிக்காமல் அங்கேதான் போக வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ், அந்தக் கம்பெனிக்கே உரிய கோடுகள் என்று வந்தாலும் அவர்களிடம் உள்ள ஸ்கேனர் படிப்பதை என் சின்ன ரீடர் படிக்காது. ஆனால் அங்கேயும் “என்ன டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். “கோடு வந்துச்சு, அதனால மாத்தினோம்” என்று பதில் வந்தால் அது டெஸ்ட் இல்லை.

கிளம்பும்போது ஒன்று கவனித்தேன், விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. “சார், இதை அழிக்கலையே?” என்றேன். “வேணும்னா இப்பவே அழிச்சுத் தர்றேன். ஆனா விட்டுப் பாருங்க, சரியாகியிருந்தா கம்ப்யூட்டரே மூணு ஓட்டம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு அணைச்சிடும். அப்பதான் உங்களுக்கும் நம்பிக்கை வரும், எனக்கும் தெரியும்.” வேண்டாம், இருக்கட்டும் என்றேன். அன்று இரவு ஓட்டும்போதும் எரிந்தது, மறுநாளும் எரிந்தது, கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினேன், எல்லா விளக்குகளும் வழக்கம் போல ஒரு தடவை எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன, அந்த மஞ்சளும் கூடவே அணைந்தது. அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “நம்பர் என்ன காட்டுது?” என்றார். ரீடரை மாட்டிப் பார்த்தேன். ஐடிலில் 3.